ஓவர்கிளாக் செய்யலாமா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்தால் கேம் வேகமாக ஓடுமாமே? எனக்கு முன்அனுபவம் கிடையாது.
- வாசகர், செவிலிமேடு

பதில்: ஓடும், கொஞ்சம்தான். இன்டெல் பிராசஸர் என்றால் பெயரில் ‘கே’ எழுத்தும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். இல்லையேல் அந்த ஆசையை விடுங்கள். ரைசனில் பெரும்பாலானவற்றுக்கு பி வரிசை போர்டே போதும்.

ஆனால் கேமில் அதிகம் உழைப்பது கிராபிக்ஸ் கார்டு. அங்கே தொடங்குங்கள். அதற்கான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம். அதில் கோர் கிளாக்கை 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். திரையில் புள்ளி தெறித்தாலோ கேம் நின்றாலோ ஒரு படி இறங்குங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள்.

உங்கள் காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலை மறக்க வேண்டாம். மார்கழியில் நிலையாக ஓடிய செட்டிங் மே மாதம் தடுமாறலாம். உங்களிடம் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறதென்றால், ஓவர்கிளாக் செய்வதைவிட அதை 16 ஆக்குவதே மேல்.