விளையாட்டுக்குத்தான் அடித்தேன்

பதினைந்து கோப்பைகளை உடைத்த சிறுவன் மிகுந்த குற்றம் செய்தவனா, ஒரே கோப்பையை உடைத்தவனா? சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே சிறுவர்களிடம் இத்தகைய வினாக்களைக் கேட்டார். அவர்கள் கூறிய விடைகளை ஆராய்ந்து 1932ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அவர் கூறிய கதை இது. உணவுண்ண அழைக்கப்பட்ட ஒரு சிறுவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியின்மீது கோப்பைகள் நிறைந்த தட்டு இருப்பதை அவன் அறியான். கதவு இடித்துப் பதினைந்து கோப்பைகளும் உடைகின்றன. மற்றொரு சிறுவன், தாய் வீட்டில் இல்லாத வேளையில், அலமாரியிலுள்ள ஜாமை எடுக்க நாற்காலியின்மேல் ஏறுகிறான். கைபட்டு ஒரு கோப்பை விழுந்து உடைகிறது.

சிறு குழந்தைகள் பலர், முதல் சிறுவனே பொல்லாதவன் என்றனர். ஒன்றைவிடப் பதினைந்து மிகுதியல்லவா! ஒன்பது வயதையொட்டிய பிள்ளைகளோ உடைந்தவற்றை எண்ணுவதை விட்டு, உடைத்தவனின் நோக்கத்தைக் கருதினர். முதல் சிறுவன் அறியாமல் உடைத்தான். இரண்டாமவன் செய்யக்கூடாத செயலில் இறங்கி உடைத்தான் என்று அவர்கள் வேறுபடுத்தினர்.

இவ்வளர்ச்சி போற்றத்தக்கதே. எனினும் அதில் ஓர் இடரும் மறைந்துள்ளது. நோக்கமே முதன்மையானது என்று கற்ற பிள்ளை, நோக்கத்தையே சாக்காகக் கூறவும் கற்றுக்கொள்கிறது. "வேண்டுமென்று தள்ளவில்லை", "விளையாட்டுக்குத்தான் அடித்தேன்" என்னும் சொற்கள் ஒலிக்காத வகுப்பறை அரிது.

அடிப்பது தவறென்று அப்பிள்ளைகளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியலும் அவர் வழியில் ஆய்ந்தோரும் மழலையர் பள்ளிப் பருவத்திலேயே இத்தெளிவைக் கண்டனர். விளையாட்டுப் பொருள்களை உரிய இடத்தில் வைக்க வேண்டாம் என்று ஆசிரியரே கூறினால் அவ்வாறு விட்டுவிடலாம் என்று குழந்தைகள் ஏற்பர். பிறரை அடிக்கலாம் என்று ஆசிரியர் கூறினாலும் அது தவறே என்று பெரும்பாலோர் மறுப்பர். அடிபட்டவருக்கு வலிக்குமே என்பது அவர்கள் கூறும் காரணம்.

அவ்வாறாயின், தவறென்று அறிந்தும் கை ஓங்குவது எங்ஙனம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ஆல்பர்ட் பண்டூரா இதற்கு விடை தேடினார். மனச்சான்று உடையவரும் அதனைச் சிறிதுபொழுது ஒதுக்கி வைக்க எட்டு வழிகளைக் கையாளுகின்றனர் என்று அவர் விளக்கினார். அவற்றுட் சில நமக்குப் பழகியவையே. பட்டப்பெயர் சூட்டிப் புண்படுத்துவதைக் 'கேலி' என்று மென்மையாகக் குறிப்பது ஒன்று. "நான் தள்ளத்தானே செய்தேன், அவன் பல்லையே உடைத்தானே" என்று ஒப்பிடுவது மற்றொன்று. "எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம்" என்று பொறுப்பைப் பங்கிடுவதும் உண்டு.

"அவன்தான் முதலில் அடித்தான்" என்பதை மட்டும் எளிதில் தள்ளிவிட இயலாது. சிலவேளை அது உண்மையாகவே இருக்கும். ஓங்கிய கையைத் தடுத்து நிறுத்துவது தற்காப்பு. மறுநாள் நால்வரைக் கூட்டி வந்து வழிமறிப்பதையும் அப்பெயரால் அழைக்க முடியுமா?

"அவனைத் திருத்தவே அடித்தேன்" என்பது இன்னும் நுட்பமான சாக்கு. இது பெரும்பாலும் பெரியோரிடமிருந்து கற்றது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல்சார்ந்த தண்டனை அளிப்பதையும் மனத்துன்பம் விளைவிப்பதையும் தடை செய்துள்ளது. நல்ல நோக்கத்தோடு அடித்ததாகக் கூறுவோருக்கு அப்பிரிவு விலக்கு எதுவும் தரவில்லை.

துன்புறுத்துவோன் தனித்து இயங்குவதும் அரிது. பின்லாந்து நாட்டு ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவாலியும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, துணைநிற்போர், சிரித்து ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், காக்க முன்வருவோர் எனச் சூழ்ந்திருப்போரையும் வகைப்படுத்தியது. 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்று கருதும் மாணவர் பலர் இவ்வகைகளுள் ஒன்றில் இருக்கக்கூடும்.

சிந்தித்து எழுதுக

1. உணவு இடைவேளையில் ஒரு மாணவி, தோழியின் கண்ணாடியை விளையாட்டாகப் பறித்து ஒளித்து வைத்தாள். தோழி அழுதாள். மூவர் சிரித்தனர். ஒருவர் கண்டும் பேசாமலிருந்தார். ஐவருக்கும் பொறுப்பு ஒரே அளவினதா? காரணங்களுடன் எழுதுக.

2. கண்ணாடியைப் பறித்த மாணவி தன் செயலுக்குக் கூறக்கூடிய சாக்குகள் இரண்டை எழுதி, அவற்றுக்குத் தோழி அளிக்கும் மறுமொழிகளையும் உரையாடலாக அமைக்க.