மாப்பிள்ளை துப்பாக்கி வாங்கப் போகிறாராம்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வடலூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகள் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். மாப்பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு முன் கிரீன் கார்டு வந்தது. அதிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. போன வாரம் வீடியோ காலில், வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொன்னார். எனக்குக் கை உதறிவிட்டது. தைப்பூசம் வந்தால் வள்ளலார் தருமசாலையில் காய் நறுக்க உட்காருகிற குடும்பம் ஐயா இது. முட்டைகூட வீட்டுக்குள் வராது. கேட்டால், "இது உரிமை அத்தை, உங்களுக்குப் புரியாது" என்கிறார். ஏழு வயதுப் பேரனோ, துப்பாக்கிக்காரன் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் மூலையில் உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்குவதை விளையாட்டுபோலச் சொல்கிறான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அந்தக் குடியரசுக் கட்சிக்காரர்கள் எப்படித் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்? ஊரான் சண்டை நமக்கு எதற்கு என்கிறார்கள். வெளிநாட்டின்மீது குண்டு போட்டால் கைதட்டவும் செய்கிறார்கள். மாப்பிள்ளையிடம் நான் என்ன பேசட்டும்?

— வாசகி, வடலூர்

பதில்: டீச்சர், சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும்வரை அங்கே துப்பாக்கி வாங்க முடியாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். கடையில் ஒரு படிவம் எழுதிக் கொடுப்பார். எஃப்பிஐ நடத்தும் பதிவேட்டில் அவர் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். குற்ற வழக்கு ஏதும் இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே கலெக்டர் அலுவலகத்தில் மனு, போலீஸ் விசாரணை, 'உமக்கு எதற்கு?' என்ற கேள்வி என்று மாதக்கணக்கில் இழுக்கும். அங்கே அந்த 'எதற்கு?' கிடையாது. உங்கள் மாப்பிள்ளை 'உரிமை' என்று சொல்வது இதைத்தான்.

இனி அந்தக் கட்சிக்காரர்களின் மனசு. அதைப் புரிந்துகொள்ள நீங்கள் அமெரிக்கா போக வேண்டாம், தருமசாலைவரை போனால் போதும். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் அணையவில்லை. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து, "விறகும் புகையும் எதற்கு? கேஸ் அடுப்பு வைத்துவிடலாம்" என்றால் என்ன ஆகும்? அவர் சொல்வதில் நியாயம் இருந்தாலும் ஊர் சம்மதிக்காது. 2024-இல் சத்திய ஞான சபைப் பெருவெளியில் அரசு வள்ளலார் சர்வதேச மையம் கட்ட இறங்கியபோது பார்வதிபுரத்துக்காரர்கள் குறுக்கே நின்றதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாட்டன் பூட்டன் கொடுத்த நிலம், வெளியாகவே இருக்கட்டும் என்றார்கள். மையம் வேண்டுமா வேண்டாமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முன்னோர் விட்டுப்போனதில் நமக்குத் தெரியாத காரணம் ஏதோ இருக்கும், அவசரப்பட்டுக் கை வைக்காதே என்கிற அந்தக் குரலைக் கவனியுங்கள். பழமைவாதம் என்று புத்தகத்தில் எழுதுவது அதைத்தான்.

அந்தக் கருத்துக்கு மூலபுருஷர் என்று சொல்லப்படும் எட்மண்ட் பர்க்குக்கும் உங்கள் சீமைக்கும் ஒரு ஒட்டு உண்டு. 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் நீளமாகப் பேசினார். ஹைதர் அலியின் படையெடுப்பில் கர்நாடகச் சீமை, அதாவது உங்கள் பகுதியும் சேர்ந்த ஆற்காட்டு ராஜ்யம், கரிந்துபோன கதையைச் சொன்னவர், இந்த மண்ணின் ஏரிகளைப் பற்றியும் பேசினார். தாங்கள் போனபிறகும் ஜனங்கள் பிழைக்க வேண்டும் என்று அவற்றை வெட்டிவைத்த ராஜாக்களைப் புகழ்ந்தார். அந்தக் கடன்கார நவாப் முகமது அலி வாலாஜா. உங்கள் ஊர்ப் பக்கத்து வாலாஜா ஏரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு பர்க் ஞாபகம்தான் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் பழமைவாதிக்கு அணையா அடுப்பு 1791-இல் சாசனத்தில் சேர்ந்த, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தம். ராஜாவின் படையோடு சண்டை போட்டு நாடான சனம் அது. அரசாங்கம் ஒருநாள் நம்மீதே பாயலாம், அப்போது நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்ற பயத்தில் எழுதியது. அந்தப் பயம் இன்னும் ஆறவில்லை. வரி, பள்ளிக்கூடம், தடுப்பூசி, எதை எடுத்தாலும் அவர்கள் வாதத்தின் அடியில் அரசு மேல் சந்தேகம் இருக்கும். துப்பாக்கி அதில் ஒரு கிளை.

இந்தச் சந்தேகத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் ஒதுக்க முடியுமா? நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது யார் என்று பாருங்கள். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில். அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் ஒரு பிரகடனம் போட்டார்: பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் பூட்டுப் போட்டது. இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. காந்தியே அந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடியவர். 1931 கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகன் உரிமை என்று தீர்மானமே போட்டது. மாப்பிள்ளை கேட்டால் துள்ளிக் குதிப்பார்!

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்தக் கராச்சி வாசகத்தை அடிப்படை உரிமைகளில் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நிர்வாகம் எப்படி நடக்கும் என்று கேட்டார். திருத்தம் விழுந்தது. நம் அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு, கூட்டம் கூடும் உரிமையைக் கொடுக்கும்போதே "ஆயுதமின்றி" என்று சேர்த்துக் கொடுக்கிறது. 1959 ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரன் சட்டத்தை மாற்றியது, பூட்டை எடுக்கவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தேர்தல் அறிவித்தால் இரட்டைக்குழல் வைத்திருக்கும் மிராசுதாரரும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறார். டெக்சாஸ்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கதை விடுகிறீர்கள் என்பார். குடகு நாட்டுக் கொடவர்களுக்கு மட்டும் வெள்ளைக்காரன் காலத்து லைசென்ஸ் விலக்கு இன்றும் தொடர்கிறது.

ஒரே பயம், ஒரே வாதம். அவர்கள் ஒரு பக்கம் போனார்கள், நாம் ஒரு பக்கம் வந்தோம். நாம் வந்த வழியிலும் முள் உண்டு. 2014 மார்ச்சில் நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றது உங்கள் வீட்டுக்காரருக்கு மறந்திருக்காது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டக் கூட்டத்தின்மீது தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். "பார்த்தீர்களா, துப்பாக்கி அரசின் கையில் மட்டும் இருந்தால் இதுதான்" என்பார் அமெரிக்கப் பழமைவாதி. கூர்மையான கேள்விதான். என் பதில்: அன்றைக்குத் தூத்துக்குடிக் கூட்டத்தில் நூறு பேர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் 13 என்ற எண்ணிக்கை குறைந்திருக்குமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சுட்டவர்களைக் கூண்டில் ஏற்றுவதில் நாம் கோட்டைவிடுகிறோம், அது உண்மை. அதற்கு மருந்து வேறு.

பேரன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 2022 மே 24-இல் அதே டெக்சாஸில் யுவால்டி என்ற சின்ன ஊரில், தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். போலீஸ் வந்துவிட்டது. வந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடைக்கூடத்திலேயே நின்றது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்து என்பவர்கள், பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்தத் துப்பாக்கி கடையிலேயே கிடைத்ததைக் காட்டினார்கள். பழமைவாதிகள் நடைக்கூடத்தில் நின்ற போலீஸைக் காட்டினார்கள்: இவர்களை நம்பியா நான் வீட்டில் வெறுங்கையோடு இருப்பது? பிணங்கள் அதேதான், பாடம் இரண்டு. அங்கே ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் விவாதம் நகராமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மாப்பிள்ளை 'பரம்பரை உரிமை' என்று அழுத்தினால் நீங்கள் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. இந்த உரிமை படையைச் சேர்ந்ததா, தனி ஆளுக்கும் உண்டா என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இல், ஹெல்லர் வழக்கில். அதுவும் ஐந்துக்கு நான்கு. 1791-இலிருந்து எண்ணினால் 217 வருடம். அதே தீர்ப்பு எல்லாவற்றையும் திறந்தும் விடவில்லை; குற்றவாளி கையில் கூடாது, பள்ளி வளாகத்தில் கூடாது என்ற தடைகள் நிற்கும் என்றது. இரண்டாவது, அவர்கள் கொண்டாடும் முன்னாள் ஜனாதிபதி ரீகன். கலிபோர்னியா கவர்னராக 1967-இல், பொது இடத்தில் குண்டு போட்ட துப்பாக்கியோடு திரிவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவரே. கறுப்பின இளைஞர்கள் துப்பாக்கியோடு தெருவில் நடக்க ஆரம்பித்த நேரம் அது! 1871-இல் குறிபார்த்துச் சுடப் பழக்கும் சங்கமாகப் பிறந்த தேசிய ரைஃபிள் சங்கமும், 1977-க்குப் பிறகுதான் இன்றைய முரட்டு அரசியலுக்கு மாறியது. மரபு என்கிறார்களே, அதில் பாதிக்கு என் வயதுகூட ஆகவில்லை.

துப்பாக்கி குடியரசுக் கட்சிக்காரர் வீட்டில் மட்டும் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். நம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தின் பேத்தி, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ், 2024 தேர்தலின்போது தன்னிடமும் ஒரு கிளாக் கைத்துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார். அந்த ஊர் அரசியலில் அப்படிச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

போர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கட்சிக்குள் எப்போதும் இரண்டு அண்ணன் தம்பிகள். ஒருவர், அரசின் கையை உள்ளூரிலேயே நம்பாதவர் அயல்நாட்டில் எப்படி நம்புவது என்பவர். 1949-இல் நேட்டோவை எதிர்த்து வாக்களித்த செனட்டர் ராபர்ட் டாஃப்ட் அந்த வழி. மற்றவர், உலகத்தை நாம் மிரட்டி வைக்காவிட்டால் வேறு எவனாவது மிரட்டுவான் என்பவர். 2003-இல் இராக்குக்குப் படை அனுப்பிய புஷ் அந்த வழி. டிரம்ப் முதல் அண்ணன் பேச்சைப் பேசி ஓட்டு வாங்கினார். 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள்மீது குண்டு போட்டபோது அவர் ஆதரவாளர்களே இரண்டாகப் பிரிந்து திட்டிக்கொண்டார்கள். நீங்கள் பார்க்கிற முரண் ஒரு ஆளுடையது இல்லை, கட்சியினுடையது.

கடைசியாக, என்ன பேசுவது. கொள்கையில் மோதாதீர்கள், அவர் இன்னும் இறுகுவார். ஒரே ஒரு கணக்கை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள்: 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்தது, மனசு ஒடிந்த ஒரு ராத்திரியில் வீட்டுக்காரர் கைக்கே எட்டிவிடுகிறது. அரசு மேல் சந்தேகம் என்ற வாதம் இங்கே எடுபடாது, ஏனென்றால் எதிராளி அரசு இல்லை.

பிறகு மாமியாராகக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பெட்டகம் வாங்கியாயிற்றா? தோட்டா தனியாகப் பூட்டியிருக்கிறதா? குண்டு போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழான பிள்ளை கையில் சிக்கினால் டெக்சாஸ் சட்டத்திலேயே குற்றம். உரிமை பேசுகிறவருக்கு அந்தச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பேரன் விளையாடப் போகிற சிநேகிதன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறார்களா என்று உங்கள் மகள் கூச்சப்படாமல் கேட்கலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதுபோலத்தான். அங்கே பல தாய்மார் கேட்கிறார்கள்.

அடுத்த வீடியோ காலில் பெட்டகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாவி எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேரன் பக்கத்தில் இருப்பான்.