என்ன படிக்கலாம் என்று கேட்பவருக்கு

வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இனி அக்கம்பக்கத்தாரும் கூட வேலை பார்ப்பவர்களும் கேட்கப்போவது இதைத்தான்: "நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன்." பதில் சொல்வதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடாதீர்கள். பொருந்தாத நாவல் ஒன்று கைக்குப் போய், "இலக்கியமெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று ஒரேயடியாக ஒதுங்கிப்போனவர்கள் நிறையப் பேர். ஒரு வாழ்நாள் முழுக்கப் புத்தகம் எடுத்துக் கொடுத்ததில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன்.

1. முதலில் நீங்கள் கேளுங்கள். பிடித்த நாவல் எது என்பதோடு நிறுத்தாமல், அதில் எந்த இடம் பிடித்தது என்றும் கேளுங்கள். சரித்திரம், துப்பறிதல், குடும்பம் என்று கடையில் அலமாரி பிரித்து வைப்பது தேடி எடுக்க வசதி, அவ்வளவே. வாசகருக்குள் என்ன ஓடுகிறது என்பதை அது காட்டாது.

"பொன்னியின் செல்வன்" என்று நாலு பேர் சொல்வார்கள். நாலு பேரும் நாலு விதமான ஆட்கள். வந்தியத்தேவன் குதிரையேறிப் புறப்படுவதும் கடல் தாண்டுவதும்தான் பிடித்தது என்பவருக்கு ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி" கொடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம், ஜப்பானியர் பிடியில் மேடான், பினாங்கு, நேதாஜியின் படை, நடுவே பாண்டியன் என்ற இளைஞன். 1972-இல் வந்த இந்த நாவலைச் சரித்திர நாவல் என்று யாரும் அடுக்கமாட்டார்கள். ஆனால் அந்த வாசகர் தேடும் ஊர்சுற்றலும் ஆபத்தும் இதில்தான் இருக்கின்றன. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று மண்டையைக் குடைந்துகொள்பவருக்கு சுஜாதாவின் "கொலையுதிர் காலம்". நடப்பது பேயின் வேலையா, ஆளின் வேலையா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவதை விடிய விடியப் படிப்பார். நந்தினியை மறக்க முடியவில்லை என்பவர் வேறு ரகம். ஒரு பெண்ணை நல்லவள், கெட்டவள் என்று சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாத இடம்தான் அவரை இழுக்கிறது. தி. ஜானகிராமனின் "அம்மா வந்தாள்" அவருக்கு. அதில் வரும் அலங்காரத்தம்மாளை அவர் சுலபத்தில் விட்டு வரமாட்டார். ராஜ்ஜியங்களின் ஏற்ற இறக்கம்தான் வேண்டும் என்பவர் மட்டும் சரித்திர அலமாரியிலேயே இருக்கட்டும்; சு. வெங்கடேசனின் "காவல் கோட்டம்" காத்திருக்கிறது.

2. ஒரே ஒரு நாவலைச் சொல்லுங்கள். பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் சட்டைப் பையிலேயே கிடந்து சலவைக்குப் போய்விடும்.

3. நீங்கள் படிக்காததைச் சொல்லாதீர்கள். விருது வாங்கியது, எல்லாரும் பேசுவது என்பது சிபாரிசு செய்யப் போதாது. "நீங்க படிச்சீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நேராக முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

4. பழக்கம் விட்டுப்போனவருக்கு மெலிந்த புத்தகம். அசோகமித்திரனின் "தண்ணீர்" இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கும். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் ஜமுனா. குரலை உயர்த்தாத எழுத்து. இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். ஒரு நாவலை முடித்தோம் என்ற தெம்பு வந்துவிடும். பூமணியின் "அஞ்ஞாடி"யும் ஜெயமோகனின் "விஷ்ணுபுர"மும் பெரிய படைப்புகள். அவற்றின் கனத்தைத் தாங்கும் பழக்கம் வந்த பிறகு கொடுங்கள்.

5. மாத நாவல் படிப்பவரைக் குறைவாக எண்ணாதீர்கள். ராஜேஷ்குமாரை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து முடிப்பவருக்கு இருக்கும் வாசிப்பு வேகம் உங்களில் பலருக்கு இருக்காது. அவர் இத்தனை காலம் படித்தது வீண் என்ற தொனி பேச்சில் வந்துவிட்டால் அதன் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது. அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நாவலைக் கொடுங்கள். பூமணியின் "வெக்கை" (1982) அப்படிப்பட்டது. பதினைந்து வயதுச் சிதம்பரம் ஓர் ஆளை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுவதில்தான் தொடக்கமே. கொன்றது யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது; அப்பனும் மகனும் கரிசல் காட்டில் எதைத் தின்பார்கள், எங்கே தூங்குவார்கள், யார் சோறு கொண்டுவருவார்கள் என்பதில் பதற்றம் குறையாமல் போகிறது. "அசுரன்" படம் பார்த்தாயிற்றே என்பார்கள். படம் அப்பாவைச் சுற்றி நடக்கிறது. நாவல் பையனோடு நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

6. கதையைச் சொல்லிவிடாதீர்கள். தொடக்கத்தைச் சொல்லலாம், ஊரைச் சொல்லலாம், ஓர் ஆளை அறிமுகப்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

7. அறிவியல் கதை புரியாது என்று பின்வாங்குபவரிடம் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். காணாமல் போன கணவனைத் தேடும் நிலா என்ற பெண்ணுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை வருகிறது என்று சொல்லி "என் இனிய இயந்திரா"வைக் கொடுங்கள். எண்பதுகளில் சுஜாதா எழுதியது. கதை நடப்பது 2021-இல். அந்த ஆண்டையும் கடந்து வந்துவிட்ட நமக்கு அதைப் படிப்பதில் தனிச் சுவை இருக்கிறது.

8. இந்த அறிவுரையை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கேட்பவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்று பார்த்துக் கொடுங்கள். இமையத்தின் "செல்லாத பணம்" (சாகித்திய அகாதெமி விருது, 2020) எனக்கு மிகவும் வேண்டிய நாவல். மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வாசலில் பெற்றோரும் உறவும் காத்துக்கிடப்பதை ஒரு பக்கம்கூடத் தள்ளிவிட முடியாதபடி எழுதியிருக்கிறார். அண்மையில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நீட்டக்கூடாது. ஜெயமோகனின் "ஏழாம் உலக"மும் அப்படித்தான். உடல் குறையுள்ள மனிதர்களைச் சரக்காக விற்று வாங்கும் உலகம் அது. இந்த நாவல்களை மறைத்து வைக்கச் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேண்டுமா, இப்போது வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

9. வட்டார மொழியைக் கண்டு மிரள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கண்ணுக்கு முரடாகத் தெரிவது காதுக்குப் பழகிவிடும். கி. ராஜநாராயணனின் "கோபல்ல கிராமம்" முழுக்கவே ஒருவர் உட்கார்ந்து சொல்வதுபோலத்தான் போகிறது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளக் கரிசல் சொற்களுக்கு கி.ரா.வே அகராதியும் தொகுத்து வைத்திருக்கிறார். நெய்தல் நிலத்துக்கு ஜோ டி குருஸின் "ஆழிசூழ் உலகு", கடலோர முஸ்லிம் வாழ்க்கைக்குத் தோப்பில் முகமது மீரானின் "ஒரு கடலோர கிராமத்தின் கதை".

10. மொழிபெயர்ப்பைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தகழியின் "செம்மீன்" தமிழில் சுந்தர ராமசாமி கைபட்டது என்றாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். மருத்துவத் துறையில் இருப்பவர் கேட்டால் நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் "ஆரோக்கிய நிகேதனம்", தமிழில் த.நா. குமாரசாமி. நாடியில் விரல் வைத்தே சாவு வருவதைச் சொல்லிவிடும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய் ஒரு பக்கம், புது மருத்துவம் படித்து வந்த இளம் டாக்டர் மறுபக்கம். வங்காளத்துக் கிராமம் என்பது சில பக்கங்களிலேயே மறந்துபோகும்.

11. கொடுத்த பிறகு "முடிச்சாச்சா?" என்று துரத்தாதீர்கள். பாதியில் விட்டுவிட்டேன் என்று திருப்பிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல், எந்த இடத்தில் விட்டார் என்று விசாரியுங்கள். முடித்துவிட்டு "ரொம்ப நல்லாயிருந்தது" என்பவரிடம் கிடைப்பதைவிட அடுத்த புத்தகத்துக்கான துப்பு இவரிடம் அதிகம் கிடைக்கும். "மோகமுள்"ளில் பாபுவும் யமுனாவும் சலிப்பூட்டினார்கள், ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் மட்டும் பிரமாதம் என்று ஒருவர் சொன்னால், வாதாடிக்கொண்டிருக்காமல் கொத்தமங்கலம் சுப்புவின் "தில்லானா மோகனாம்பாள்" வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் நூலகத்தில் எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள்.