செங்கற்பொடி மேற் பந்தாட்டம்

பாரிஸ் மாநகரின் ரோலான் காரோ அரங்கில் நிகழும் மகளிர் ஒற்றையர் டென்னிஸ் போட்டியைக் களிமண் தரை ஆட்டம் என்பர். அங்குக் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கற் படுகையின்மேல் மெல்லெனத் தூவிய செங்கற்பொடியே உளது. அதிற் பட்ட பந்து விரைவு குன்றி உயர எழுகின்றது. புற்றரையில் எதிராளிக்கு எட்டாது ஓடும் பந்தும் இங்கு எட்டிவிடுகின்றது. ஆதலின் வலிமையினும் பொறுமையே மிக வேண்டப்படும் என்பர்.

யாம் அதனை முற்றும் ஒப்புகின்றிலோம். இத்தகைய தரைகளில் 1973 முதல் 1979 வரை தொடர்ந்து 125 ஆட்டங்கள் வென்றவர் அமெரிக்கப் பெண்மணி கிறிஸ் எவர்ட். அவரே 1984-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் மார்ட்டினா நவரத்திலோவாவிடம் 6–3, 6–1 எனத் தோற்றார். வலையருகே விரைந்து வந்து, பந்து நிலத்தில் வீழுமுன் அடிப்பது மார்ட்டினாவின் முறை. நிலந்தொடாத பந்தை நிலம் எங்ஙனம் தடுக்கும்?

மறு ஆண்டு இறுதியில் அவ்விருவரே மீண்டும் எதிர்ந்தனர். மூன்றாம் செட்டில் 5–5 என நின்றபோது பந்து தொடுக்கும் முறை எவர்ட்டினது. 0–40 எனத் தாழ்ந்துவிட்டார். இன்னும் ஒரு பிழை நேரின் அம்முறை பறிபோம். அதனினின்று மீண்டு 6–3, 6–7, 7–5 என வென்றார். வலையருகே வந்த மார்ட்டினாவைக் கடந்து, கோட்டோரமாய்ச் சென்ற புறங்கையடியே அவ்வாட்டத்தின் கடைசி அடி.