எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?

மே மாதம் முடிந்தது. முதலமடையில் மாங்காய் பறிப்பும் முடிந்தது. எங்கள் படிப்பு மையத்துக்கு வரும் குடும்பஸ்ரீ பெண்களின் கையில் கொஞ்சம் பணம் இருந்தது.

"டீச்சர், எல்லோரும் சேர்ந்து கடல் பார்க்கப் போகலாமா?" என்று கேட்டார்கள்.

எங்களோடு படிக்கும் பாட்டி ஒருவர் மாந்தோப்பில் வேலை செய்கிறார். அவருக்கு வயது 65. அவர் கடலைப் பார்த்ததே இல்லை. நம் பாலக்காடு மாவட்டத்தில் மலை உண்டு. அணை உண்டு. கடற்கரை இல்லை.

"பொன்னானிக்குப் போகலாம். நம்ம ஊர்த் தண்ணி போய்ச் சேருற இடம்னு போன மாசம் படத்துல பார்த்தோமே" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது சரிதான். மீன்கரை, சுள்ளியாறு அணைகளின் தண்ணீர் காயத்ரிப்புழையில் சேர்கிறது. காயத்ரிப்புழை மாயன்னூரில் பாரதப்புழையோடு கலக்கிறது. பாரதப்புழை பொன்னானியில் கடலில் சேர்கிறது.

ஆனால், நாம் பார்க்கப் போகும் இடம் ஒன்று. கால் நனைக்க ஏற்ற இடம் வேறொன்று. இதை எப்படித் தெரிந்துகொள்வது? நான் கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதினேன்.

1. எந்த மாதம் போகிறோம்?

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. செப்டம்பர் வரை அரபிக்கடலில் காற்றும் அலையும் பலமாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கேரளக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

2. கரை எப்படிப்பட்டது?

ஆறு கடலில் சேரும் இடத்தில் நீரோட்டம் வேகமாக இருக்கும். அங்கே குளிக்கக் கூடாது. கரையில் நின்று பார்க்கலாம். பாறை உள்ள இடத்திலும் இறங்கக் கூடாது. பாசி வழுக்கும். திடீரென்று வரும் அலை ஆளை இழுத்துவிடும்.

3. காவல் இருக்கிறதா?

உயிர்காக்கும் காவலர்கள் உள்ள கரையே நமக்கு ஏற்றது. சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது. காவலர் இல்லை என்றால் அங்குள்ள மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

4. யார் யார் வருகிறார்கள்?

குழந்தைகளும் முதியவர்களும் வந்தால் கழிப்பறை, குடிநீர், நிழல் மூன்றும் வேண்டும். திருச்சூர் மாவட்டம் தளிக்குளத்தில் சினேகதீரம் என்ற கடற்கரை இருக்கிறது. அகலமான மணற்கரை. அருகிலேயே குழந்தைகள் பூங்காவும் உண்டு.

நான்காம் கேள்வியைப் படித்ததும் ஓர் அக்கா எழுந்தார்.

"எங்க வீட்டுப் பையன் மீன்கரையில நல்லா நீந்துவான் டீச்சர். அவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்தி இதுதான். அணை நீர் வேறு. கடல் நீர் வேறு. கரைக்கு வந்த அலைநீர் மறுபடியும் கடலுக்குள் போக வேண்டும். சில இடங்களில் அது ஒடுக்கமான வழியில் வேகமாகப் போகும். அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும். 'இங்கே அமைதியாக இருக்கிறது' என்று நினைத்து இறங்குவோம். நன்றாக நீந்துபவரையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

அப்படி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கை சோர்ந்துவிடும். மிதக்க வேண்டும். கையை உயர்த்திக் காட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்பலாம்.

பார்ப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறோ, காலிக் குடமோ, மூடிய காலிக் கேனோ வீச வேண்டும். காவலரைக் கூப்பிட வேண்டும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. காற்றும் மழையும் இல்லாத நாளிலும் பெரிய அலை கரையேறி வரலாம். அந்த அலை வெகு தூரத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருவாகி வருகிறது. கேரள மீனவர்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. வானொலியிலும் பத்திரிகையிலும் அது வரும். புறப்படும் முன் பாருங்கள். நாம் எழுத்துக் கற்றது இதற்கும்தான்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். ஜூன் மாதப் பயணம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். டிசம்பரில் போகலாம். முதலில் பொன்னானி. அங்கே நம் ஆறு கடலில் சேர்வதைக் கரையில் நின்று பார்க்கலாம். பிறகு தளிக்குளம். அங்கே காவலர்களைக் கேட்டுவிட்டுக் கால் நனைக்கலாம். அதுவரை பணம் சங்கக் கணக்கில் இருக்கட்டும்.

"உங்களுக்கு வருத்தமா பாட்டி?" என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தார்.

"அறுபத்தஞ்சு வருஷம் பொறுத்தேன். ஆறு மாசம் பொறுக்க மாட்டேனா? போறது பெருசில்ல கண்ணு. போன எல்லாரும் திரும்பி வரணும்" என்றார்.

பேசிப் பார்ப்போம்

1. பொன்னானியில் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஏன் குளிக்கக் கூடாது?
2. அலை குறைவாகத் தெரியும் இடம் எப்போதும் பாதுகாப்பானதா?

எழுதிப் பார்ப்போம்

1. கடல் இழுத்தால் ________ நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது.
2. ________ கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது.
3. அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் ________.