வைஃபை வரவில்லையா? பழுது டேப்லெட்டிலா, பெட்டியிலா, கம்பியிலா?

கட்டுமாவடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் வணிக அன்பர் ஒருவர், ஒரு மாதம் 20ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு நமக்குப் போன் செய்தார். கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டில் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்ய வேண்டும், வைஃபை வரவில்லை. "டேப் போய்விட்டது, காலையில் அறந்தாங்கி போய்ப் புதிதாக வாங்க வேண்டியதுதான்" என்றார். தேதி தப்பினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. அவர் பதறியதில் தவறில்லை. ஆனால் டேப்லெட்டில் ஒரு பழுதும் இல்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்தது.

சரக்கு கடைக்கு வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? லாரி வரவில்லையா, குடோனில் இறக்கி வைத்துவிட்டார்களா, கடைப்பையன் எடுத்துவர மறந்தானா என்று பார்க்கிறோம். இங்கேயும் அதே கணக்குதான். வெளியிலிருந்து வரும் கம்பி லாரி; சுவரில் மாட்டிய ரவுட்டர் பெட்டி குடோன்; டேப்லெட் கடைப்பையன். யாரிடம் தவறு என்று தெரியாமல் கடைப்பையனை மாற்றுவது வீண் செலவு.

அந்த அன்பரிடம் நாம் முதலில் சொன்னது, செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டேப்லெட்டை அதில் இணையுங்கள் என்பதே. உடனே இணைந்தது. ஆக டேப்லெட் நலம். கணக்கும் அப்போதே தாக்கல் ஆனது. இதற்குச் செலவாகும் டேட்டா மிகக் குறைவு. ஒரே காரியத்தில் சோதனையும் முடிந்தது, வேலையும் முடிந்தது.

அடுத்து, செல்போனை வீட்டு வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். இதில் பலர் ஏமாறுகிறார்கள். போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இல்லையேல் சிம் கார்டு வழியே படம் ஓடும். வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

போனிலும் வரவில்லையென்றால் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை, பெரும்பாலும் கம்பி எங்கோ அறுந்திருக்கும் என்று பொருள். அதற்கு நாம் செய்யக்கூடியது புகார் கொடுப்பது மட்டுமே. சிவப்பு இல்லையென்றால் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். ஊசியால் குத்தும் சிறு துளையான ரீசெட்டைத் தொடவே கூடாது. கம்பெனிக்காரர் பதிந்து வைத்த விவரமெல்லாம் அழிந்து, அவர் வரும்வரை காத்திருக்க நேரும். நம் கடற்கரை உப்புக்காற்றில் அடாப்டர் பின்கள் பச்சை பூத்துவிடுவதும் உண்டு. அதையும் கழற்றித் துடைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாதாரண மின்வெட்டுக்காவது பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். இருப்பது நல்லது.

போனில் வருகிறது, டேப்லெட்டில் மட்டும் வரவில்லை என்றால், வைஃபை பெயரை டேப்லெட்டிலிருந்து நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மறுபடி கொடுங்கள். சார்ஜ் இறங்கிப் பல நாள் கிடந்த டேப்லெட்டில் தேதி தவறியிருக்கலாம். தேதி தவறினால் வங்கி, வரித் தளங்கள் பாதுகாப்புக் கருதித் திறக்க மறுக்கும். மற்ற தளங்கள் திறந்து ஜி.எஸ்.டி. தளம் மட்டும் தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால் நெரிசல் அங்கே. நம் பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

நம் அன்பர் வீட்டுக் கதை வேறு. மறுநாள் நேரில் போய்ப் பார்த்தோம். முன்புறம் கடை, பின்புறம் வீடு. இரண்டு நாள் முன்பு ஐஸ்கிரீமுக்கென்று பெரிய ஃப்ரீஸர் வந்து, ரவுட்டர் பெட்டியை மறைத்து நின்றது. இரும்புத் தகடு அலையைத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, பெட்டி தரும் இரண்டு பெயர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரிலேயே டேப்லெட்டைச் சேர்த்திருந்தார். அது பக்கத்தில் வேகம். சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவானாலும் சுவரைக் கடந்து தூரம் போகும். பெட்டியைப் பரண் உயரத்துக்கு ஏற்றி, பெயரை மாற்றினோம். பின்கட்டு அறை வரை வந்தது. செலவு, இரண்டு ஆணியும் கொஞ்சம் வயரும்.

இணைப்பு எண்ணையும் புகார் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தோம். ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்திருக்கும் சிம், வீட்டு இணைப்பு தரும் கம்பெனி அல்லாத வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும் என்றும் சொன்னோம்.