பந்தியில் உண்ண முடியாத குஞ்சு

இந்த மாதப் பாடம் ஒரு கோழிக்குஞ்சைப் பற்றியது. கோழிக்கும் அய்யா வழிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. தெய்வத்தின் பெயரால் ஆட்டையும் கோழியையும் அறுத்துக் கொடுத்த காலத்தில், அந்தப் பலி வேண்டாம் என்று நம் முன்னோரைத் தடுத்தவர் அய்யா. அரிகோபாலன் சீடர் 1841-ல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையைத் திருஏடு வாசிப்பில் கேட்கும் நமக்கு இது தெரியாததல்ல. நாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டோம். ஆனால் கத்தி எடுக்காமலும் ஒரு உயிர் நம் கண்முன் சாகும் என்பதை நான் என் வீட்டு முற்றத்தில்தான் கற்றேன்.

கோட்டாற்றில் எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்தே நாட்டுக்கோழி உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அடை வைத்த கோழி இருபத்தோராம் நாள் 9 குஞ்சு பொரித்தது. இரண்டு வாரம் சென்றதும் ஒரு குஞ்சின் மேல் அலகு வலப்பக்கமும் கீழ் அலகு இடப்பக்கமும் விலகி, கத்தரிக்கோல் போலக் குறுக்கே நின்றது.

“மூக்கு கோணின குஞ்சு வீட்டுக்கு ஆகாது அண்ணே, கழுத்தைத் திருகிப் போடுங்க” என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

“அய்யா வழிக்காரன் வீட்டில அது நடக்காது தங்கச்சி” என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கே ஒரு பெருமை.

மற்றக் குஞ்சுகளோடு அதற்கும் தரையில் குருணை தூவினேன். அதுவும் மற்றவை போலக் கொத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை வெறுமையாக இருந்தது. நாள் முழுக்கக் கொத்தியும் அதற்கு வேண்டிய இரை உள்ளே போகவில்லை. தீனியின் நடுவில் நின்று பட்டினியால் செத்திருக்கிறது. நான் கொல்லவில்லை, உண்மைதான். காக்கவும் இல்லை.

கடந்த ஆண்டு மறுபடியும் ஒரு குஞ்சு அப்படியே வந்தது. இந்த முறை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே கேட்டறிந்ததையும் வளர்த்து அறிந்ததையும் இங்கே தருகிறேன்.

இது சகுனமும் அல்ல, சாபமும் அல்ல. பிறவிக் கூறு, அடையிலோ பொரிப்பானிலோ சூட்டின் ஏற்ற இறக்கம், தாய்க்கோழிக்குச் சத்துக் குறைவு, அலகில் பட்ட அடி ஆகியவற்றால் இது வரலாம். அலகு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் உரசுவதால்தான் அளவோடு நிற்கிறது. கோணிய அலகு உரசாது. ஆகையால் வளர வளரக் கோணல் கூடும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 1990-களின் இறுதியிலிருந்து காட்டுச் சிறுபறவைகள் பலவற்றுக்கு அலகு இப்படி நீண்டு கோணுவதைக் கண்டு ஆராய்ந்து வருகிறார்கள். இமயமலையிலோ இயல்பாகவே குறுக்கலகு கொண்ட குருவி ஒன்று உண்டு. பைன் மரக் காயைப் பிளந்து விதை எடுக்க அந்த அலகே அதற்குக் கருவி. ஓரிடத்தில் குறையாக இருப்பது வேறோரிடத்தில் வரமாக இருக்கிறது.

வளர்க்கும் முறை இது:

1. தரையில் தூவிய மணியை அதனால் பொறுக்க முடியாது. குஞ்சுத் தீவனத்தை நீர் விட்டுக் குழைத்து, ஆழமான சிரட்டையில் வைக்க வேண்டும். கொத்துவதற்குப் பதில் அது வாரி விழுங்கும். நம் ஊர் வெயிலில் குழைத்த தீவனம் சீக்கிரம் புளிக்கும்; சிறிது சிறிதாக மாற்றி வைக்கவும்.

2. சிரட்டை குஞ்சின் தோள் உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் அலகு முழுக்க நனையும் ஆழமும், குஞ்சு உள்ளே விழாதபடி குறுகிய வாயும் கொண்டதாக இருக்கட்டும்.

3. தீனி வேளையில் மட்டும் பஞ்சாரத்துக்குள் தனியே விடவும். மற்றக் குஞ்சுகள் தின்று தீர்க்கும் வேகத்துக்கு இதனால் ஈடுகொடுக்க முடியாது. நாள் முழுக்கப் பிரித்து வைத்தால் கூட்டத்தில் மறுபடி சேர்க்க மாட்டா.

4. அந்தியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் அன்று உண்டது என்று பொருள்.

5. நீளும் அலகு நுனியை நகம் தேய்க்கும் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். உள்ளே இரத்த ஓட்டமும் உணர்வும் உண்டு. ஆழமாக வெட்டினால் வலிக்கும், இரத்தம் வரும். முதல் முறை மருத்துவர் கையால் செய்வதே நல்லது.

6. அலகால் இறகு கோத முடியாததால் செள்ளு எளிதில் பற்றும். வாரம் ஒருமுறை இறகை விலக்கிப் பாருங்கள்.

இத்தனை செய்தும் எல்லாக் குஞ்சும் பிழைப்பதில்லை. எங்கள் குஞ்சு பிழைத்தது. இன்று வளர்ந்த கோழி, முட்டையும் இடுகிறது. பிறவிக் கூறாக இருக்கலாம் என்பதால் அந்த முட்டையை அடை வைப்பதில்லை.

இனி பாடத்துக்கு வருவோம். நான் நிழல் தாங்கலில் ஞாயிறுதோறும் அன்னதர்மத்துக்குப் பரிமாறுகிறவன். இலையில் சோறு விழுந்தால் என் வேலை முடிந்தது என்று பல ஆண்டு நினைத்திருந்தேன். குஞ்சை வளர்த்த நாளில் ஒரு ஞாயிறு, பந்தியின் கடைசியில் ஒரு பாட்டி இலையில் சோறு அப்படியே இருக்க எழுந்திருக்கப் பார்த்தார். வாதத்தில் வலக்கை விழுந்தவர். “பசிக்கலையா பாட்டி?” என்றேன். “பசிக்கத்தான் செய்யுது மக்ளே, வாரத்தான் முடியல்ல” என்றார். செத்த குஞ்சு என் கண்முன் வந்து நின்றது. எத்தனை ஞாயிறு அவர் இப்படி எழுந்து போயிருப்பார்! அன்று முதல் அவருக்குச் சோற்றைக் குழைத்துக் கிண்ணத்தில், கரண்டியோடு கொடுக்கிறோம்.

சுவாமிதோப்பில் எல்லாரும் ஒன்றாக நீராட ஒரே கிணறு கண்டவர் அய்யா. தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்றவர். கொடுத்ததோடு அந்தத் தருமம் முடிவதில்லை. கொடுத்தது வாய்க்குப் போனதா என்று பார்ப்பதும் அதில் சேரும். பள்ளியறையில் நம் முன் நிற்பது கண்ணாடி. அதில் தெரியும் முகத்துக்குள் அய்யா இருப்பார் என்றால், பந்தியின் கடைசி இலைக்கு முன் இருக்கும் முகத்திலும் இருப்பார்.

அடுத்த ஞாயிறு பரிமாறி முடித்ததும், பந்தியை ஒருமுறை திரும்ப நடந்து பாருங்கள். எந்த இலையில் சோறு மீந்திருக்கிறது, ஏன் மீந்தது என்று அருகில் குனிந்து கேளுங்கள்.

அய்யா உண்டு.